பழுதான வாகனம் வாங்கியவருக்குக் கச்சேரியில் கிடைக்கும் உதவி: நுகர்வோர் அதிகார சபை பற்றிய ஒரு மதிப்பீடு

திருகோணமலைக் கச்சேரிக்குள் (மாவட்டச் செயலகத்துக்குள்) இருக்கும் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் மாவட்டப் பிரிவை, அரிசிக்கு விலை கூட்டி விற்பவரையும் காலாவதியான பால்மாவையும் பிடிக்கிற இடம் என்றுதான் ஊரில் பலரும் நினைத்திருக்கிறார்கள். முப்பது, நாற்பது லட்சம் கொடுத்து வாங்கிய கார் இரண்டாம் வாரமே கியர் விழாமல் நின்றாலும் அங்கே முறைப்பாடு கொடுக்கலாம். கட்டணமில்லை, சட்டத்தரணி தேவையில்லை, தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம்.

எங்கள் மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். முகவரிடம் வாங்கிய புது வாகனத்துக்கு நல்ல வழி. கார்சேலில் வாங்கிய பழைய வாகனத்துக்கு, கையில் கடதாசி இருந்தால் பரவாயில்லை. புறோக்கர் காட்ட, ஒரு தனியாளிடம் 'ஓப்பன் பேப்பரில்' (உரிமை தன் பெயருக்கு மாறாமல், கையொப்பமிட்ட வெற்றுப் படிவத்தோடு) வாங்கிய வாகனத்துக்கு அநேகமாகப் பூச்சியம். திருகோணமலையில் கைமாறும் வாகனங்களில் இந்த மூன்றாவது வகை குறைவில்லை என்பதுதான் சிக்கல்.

அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலம் 1982இல் பழுதான புது வாகனத்துக்கென்றே தனிச் சட்டம் கொண்டுவந்தது. இத்தனை தடவை திருத்தியும் சரிவராவிட்டால் வாகனத்தைத் திருப்பி எடுக்க வேண்டும் என்று கணக்குச் சொல்லும் சட்டம் அது. இலங்கையில் அப்படி ஒன்று இல்லை. இங்கே இருப்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டமும், 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டமும். முதலாவது கச்சேரி வழி, இரண்டாவது நீதிமன்ற வழி.

2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13ஆம் பிரிவுதான் இங்கே முக்கியம். விற்ற வியாபாரி வெளிப்படையாகவோ மறைமுகமாகவோ கொடுத்த உத்தரவாதத்துக்கு ஏற்ப பொருள் இல்லாவிட்டால் சபை விசாரிக்கலாம். இரு பக்கத்தையும் கேட்டபின் நட்டஈடு கொடு, பொருளை மாற்றிக் கொடு அல்லது பணத்தைத் திருப்பிக் கொடு என்று கட்டளையிடலாம். பழைய பொருள் என்று இந்தப் பிரிவு எதையும் ஒதுக்கவில்லை. வாங்குபவரை ஏமாற்றும் நடத்தையை 30ஆம் பிரிவும், பொருளைப் பற்றிப் பொய்யான தகவல் சொல்வதை 31ஆம் பிரிவும் தடுக்கின்றன. மீற்றரைக் குறைத்து 'ஐம்பதாயிரம்தான் ஓடினது' என்று விற்றால் இந்த இரண்டையும் முறைப்பாட்டில் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஆனால் 13ஆம் பிரிவில் ஒரு பொறி உண்டு: முறைப்பாடு எழுத்தில், விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் போக வேண்டும். பழுது தெரிந்த நாளிலிருந்து அல்ல, விற்ற நாளிலிருந்து. இது தெரிந்த விற்பனையாளர் சண்டை பிடிக்கவே மாட்டார். 'தம்பி, கொண்டுவாங்கோ, பாப்பம்' என்பார். ஒரு தடவை ஒயில் மாற்றுவார், அடுத்த தடவை சென்சர் என்பார், பிறகு பாகம் ஜப்பானிலிருந்து வருகிறது என்பார். வாங்கியவர் கொழும்புக்கும் குருநாகலுக்கும் ஏ6 வீதியில் போய்வந்து டீசல் அடிப்பதற்குள் மூன்று மாதமும் கழிந்துவிடும். மரியாதையாகப் பேசுகிறாரே என்று முறைப்பாட்டைத் தள்ளிப்போட வேண்டாம். பேச்சு நடக்கட்டும், முறைப்பாடும் உள்ளே இருக்கட்டும், இரண்டுக்கும் பகையில்லை.

மூன்று மாதம் கழிந்துபோனால் ஒரு சந்து மிச்சம் இருக்கிறது. 13ஆம் பிரிவு சேவைகளுக்கும் பொருந்தும். சேவையைத் தகுந்த கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும் என்று 32ஆம் பிரிவு சொல்கிறது. உத்தரவாதத்தின் கீழ் முகவரின் கராஜ் செய்த திருத்தம் பிழைத்திருந்தால், அந்தத் திருத்த வேலையை ஒரு சேவையாகக் காட்டி, அது நடந்த திகதியிலிருந்து எண்ணும்படி வாதிட இடமுண்டு. இதனால்தான் ஒவ்வொரு தடவையும் ஜொப் காட் (என்ன வேலை செய்தோம் என்று கராஜ் எழுதித் தரும் தாள்) கேட்டு வாங்கச் சொல்கிறோம். 'சும்மா பார்த்துவிட்டம், பில் போடேல்ல' என்று அனுப்பினால், அன்று அங்கே வாகனம் போனதற்கே சான்று இல்லை.

முறைப்பாட்டை வெல்லவைப்பது பழுதின் அளவல்ல, பழுது விற்கும்போதே இருந்தது என்பதற்கான சான்று. இங்கேதான் அதிகம் பேர் தோற்கிறார்கள். வாகனம் நின்றதும் பக்கத்துக் கராஜில் கொடுத்து இன்ஜினைக் கழற்றிவிடுகிறார்கள். பிறகு எது பழைய பழுது, எது கழற்றியதால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. எழுத்தில் இருந்த உத்தரவாதமும் அதோடு போய்விடும். திறக்க முன்பே வாகனத்தின் கணினியை ஸ்கேன் அடித்து அறிக்கையை அச்சில் எடுங்கள். பழுதுக் குறியீடு, சசி நம்பர், மீற்றர் வாசிப்பு, திகதி நான்கும் ஒரே தாளில் வர வேண்டும். பல வாகனங்களில் 'குறியீடுகள் அழிக்கப்பட்ட பின் ஓடிய தூரம்' என்று ஒரு வாசிப்பும் ஸ்கேனில் தெரியும். வாங்கி 200 கிலோமீற்றர் ஓடியிருக்க அதுவும் 210 என்று காட்டினால், கையில் தருவதற்குச் சற்று முன்தான் குறியீடுகளை அழித்து டாஷ்போர்ட் எச்சரிக்கை விளக்கை அணைத்திருக்கிறார்கள். இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

ஹைபிரிட் என்றால் பற்றரியின் ஒவ்வொரு தொகுதியின் வோல்ட்டையும் தனித்தனியாக எடுங்கள். முதல் தலைமுறை டொயோட்டா அக்வாவின் பற்றரிக்குள் 20 மொடியூல்கள் (சிறு பற்றரிகள்). பி0ஏ80 என்ற குறியீடு வந்தால் ஹைபிரிட் பற்றரி சோர்ந்துவிட்டது என்று பொருள். விற்றவர் உடனே சொல்லும் பதில்: 'காத்து வாய் அடைபட்டிருக்கு, நீங்கள் துப்பரவாக்கேல்ல.' பின் இருக்கையோரம் இருக்கும் அந்தக் காற்று வாயை, வாகனம் கைக்கு வந்த அன்றே படம் எடுத்து வைத்திருந்தால் இந்தப் பதில் எடுபடாது. நம்மூர் வெக்கையும் புழுதியும் விற்றவருக்குச் சாதகமான சாட்சிகள் என்பதை மறக்க வேண்டாம்.

உப்புக் காற்றும் அப்படித்தான். நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் வாகனம் நிறுத்துபவர் அடிப்பாகத் துருவைப் பற்றி முறைப்பட்டால் 'உங்கட கடற்காத்து' என்று கையை விரிப்பார்கள். முதல் வாரத்திலேயே வாகனத்தை மேலே ஏற்றி, சசி, சஸ்பென்ஷன் கைகள், பிரேக் குழாய்கள் எல்லாம் தெரிய, திகதியோடு படம் எடுங்கள். துரு பழையதா என்பதை ஜப்பான் ஏலத்தாளும் (அங்கே ஏலம் விடும்போது வாகனத்தின் நிலையைக் குறிக்கும் தாள்) சொல்லும். அதில் 'எஸ்' துருவையும் 'சீ' அரிப்பையும் குறிக்கும். 'டபிள்யூ' டிங்கர் அடித்துப் பெயின்ட் பூசிய இடம். 'எக்ஸ்எக்ஸ்' மாற்றிய பாகம். தரம் 4.5 என்று வாயால் சொன்ன வாகனத்தின் தாளில் 'ஆர்' அல்லது 'ஆர்ஏ' இருந்தால் அது அடிபட்டுத் திருத்திய வாகனம். ஏலத்தாளை வாட்ஸப்பில் அனுப்பியதோடு விடாமல் அச்சில் எடுத்து, விற்பவரின் கையொப்பத்தோடு விற்பனை ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள். அப்போதுதான் அது அவர் கொடுத்த வாக்கு என்று சபையில் நிற்கும்.

புகைப் பரிசோதனைச் சான்றிதழைத் தூக்கிக் காட்டி 'வாகனம் நல்லம்' என்பவரை நம்ப வேண்டாம். அது புகையை மட்டும்தான் அளக்கிறது.

வாங்க முன் ஓட்டிப் பார்ப்பதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனெனில் சட்டமே அதைத் தொடுகிறது. 1896ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15ஆம் பிரிவுப்படி, அவ்வகைப் பொருளை விற்பதையே தொழிலாகக் கொண்டவரிடம் அவர் சொன்ன விபரத்தை வைத்து வாங்கினால், பொருள் விற்பனைக்குரிய தரத்தில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை தானாகவே ஒப்பந்தத்துக்குள் வரும். ஆனால் வாங்குபவர் பரிசோதித்திருந்தால், அந்தப் பரிசோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைகளுக்கு அந்த நிபந்தனை இல்லை. அதாவது, அரைகுறையாகப் பார்ப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். டொக்யார்ட் வீதியில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு 'பார்த்தேன்' என்று கையொப்பமிட வேண்டாம். கியர்பெட்டியின் நடுக்கம் சூடேறிய பிறகுதான் தெரியும். ஏசியைப் போட்டுக்கொண்டு கந்தளாய் வரை போய்வாருங்கள். 'இருந்த நிலையில் விற்கப்பட்டது' என்ற வரி ஒப்பந்தத்தில் இருந்தால் அதை வெட்டச் சொல்லுங்கள். 1997இல் வந்த நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் பற்றிய 26ஆம் இலக்கச் சட்டம் இத்தகைய வரிகளுக்கு எல்லை வைத்தாலும், அதை வாதிட நீதிமன்றம்தான் போக வேண்டும்.

முறைப்பாட்டுக் கடிதம் ஒன்றரைப் பக்கத்தைத் தாண்டத் தேவையில்லை. உங்கள் பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம். விற்றவரின் வியாபாரப் பெயரும் முகவரியும். வாங்கிய திகதி, விலை. என்ன வாக்குத் தந்தார், என்ன பழுது, எப்போது அறிவித்தீர்கள், அவர் என்ன சொன்னார். கடைசியாக உங்களுக்கு என்ன வேண்டும். இந்தக் கடைசி வரியைப் பலர் 'நீதி பெற்றுத் தரவும்' என்று முடித்துவிடுகிறார்கள். தொகையாகக் கேளுங்கள். கட்டளையை விற்றவர் மதிக்காவிட்டால் சபை நீதவான் நீதிமன்றம் போய் அந்தத் தொகையைத் தண்டப்பணம் போல அறவிடலாம். இலக்கமாக எழுதிய கட்டளைக்கே அந்தப் பல் உண்டு. பற்றுச்சீட்டு, சீ.ஆர். (வாகனப் பதிவுச் சான்றிதழ்) பிரதி, உத்தரவாத அட்டை, ஜொப் காட்கள், ஸ்கேன் அறிக்கை எல்லாவற்றிலும் பிரதியை மட்டும் கொடுத்து மூலத்தை வைத்துக்கொள்ளுங்கள். நேரில் கொடுத்தால் உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். இல்லாவிட்டால் பதிவுத் தபால். முதலில் விளக்கம் கேட்க 1977 என்ற இலக்கம் போதும், ஆனால் தொலைபேசியில் சொன்னது எழுத்து முறைப்பாடு ஆகாது. விற்றவர் வெளிமாவட்டம் என்றால் விசாரணை எங்கே நடக்கும் என்பதை அன்றே கேட்டுக்கொள்ளுங்கள்.

வரிக்காகவோ வேறு வசதிக்காகவோ பற்றுச்சீட்டில் விலையைக் குறைத்துப் போடச் சம்மதித்தவர், திருப்பிக் கேட்கும்போது அந்தக் குறைந்த தொகையைத்தான் காட்ட முடியும். லீசிங்கில் எடுத்தவர் பழுதைச் சொல்லித் தவணையை நிறுத்த வேண்டாம். வழக்குத் தொடங்கு முன்னே வாகனம் சீஸ் ஆகிவிடும். வாகனத்தின் முழு உரிமையாளர் லீசிங் நிறுவனம் என்பதால், முறைப்பாட்டின் பிரதி ஒன்றை அவர்களுக்கும் அனுப்புங்கள்.

சபையின் பலவீனம் வியாபாரி அல்லாதவரிடம் வாங்கும்போது தெரியும். சீ.ஆரில் இருப்பது ஒருவர் பெயர், பணம் வாங்கியது இன்னொருவர், இடையில் புறோக்கர் என்றால் யாரை 'வியாபாரி' என்று அழைப்பது என்பதிலேயே விசாரணை நின்றுவிடும். புறோக்கர் இதையே தொழிலாகச் செய்கிறார் என்பதைக் காட்ட அவருடைய விளம்பரங்களையும் வங்கி வைப்புச் சீட்டையும் சேர்த்துப் பார்க்கலாம். உறுதி சொல்ல மாட்டோம். மிச்சம் இருப்பது சிவில் வழக்கு. எழுத்து ஒப்பந்தம் என்றால் ஆறு வருடம், வாய்ப்பேச்சு என்றால் மூன்று வருடம் என்று காலவரையறை. வசதி குறைந்தவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழுவின் திருகோணமலை நிலையம் இருக்கிறது; அங்கேயும் முதலில் கேட்பது அதே பற்றுச்சீட்டைத்தான்.