மஞ்சள் பொடியா, ஈயப் பற்றா, புது ரேடியேட்டரா?

என் மாருதி 800-க்கு வயது இருபதைத் தாண்டிவிட்டது. ஏற்காடு ஏற்றத்தில் பாதி வளைவுகள் ஏறுவதற்குள் ஹீட் முள் சிவப்புக்குப் போய்விட்டது. ஓரங்கட்டிப் பார்த்தால், இன்ஜினைச் சுற்றிவரும் தண்ணீரை ஆற்றுகிற ரேடியேட்டரின் அடியில் பச்சையாகச் சொட்டுகிறது. பக்கத்தில் நின்ற டிரைவர் அண்ணன், ஒரு பிடி மஞ்சள் பொடி போட்டால் போதும் என்றார். சேலத்தில் ரேடியேட்டர் கடைக்காரர் ஓட்டையில் ஈயம் உருக்கி வைத்துத் தருகிறேன் என்றார், ஸ்பேர்ஸ் கடையிலோ புதுசு வாங்கிவிடுங்கள் என்று முடித்துவிட்டார்கள்.

மூன்று பேர் சொன்னதும் சரிதான், ஆனால் வேறு வேறு கோளாறுகளுக்கு. முதலில் தெரிய வேண்டியது, ஒழுகியதால் சூடானதா, சூடானதால் ஒழுகியதா என்பது.

இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள் (சூட்டோடு திறந்தால் முகம் வெந்துவிடும்). மூடியின் ரப்பரும் ஸ்பிரிங்கும் தளர்ந்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். மூடி 0.9 பார் அழுத்தம் தாங்கினால்தான் உள்ளே தண்ணீர் 118 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கும். தாங்காவிட்டால் முன்னாடியே கொதித்து வெளியே தள்ளும், நாம் ரேடியேட்டர் ஓட்டை என்று நினைத்துக்கொள்வோம். டிராஃபிக்கில் நின்றால் மட்டும் சூடேறி, ஓடினால் இறங்குகிறது என்றால் ஃபேன், அதன் சுவிட்ச், ரிலே. ஏற்றத்திலும் ஹைவேயிலும்தான் ஏறுகிறது என்றால் தண்ணீர் சரியாக ஓடவில்லை: உள்ளே அடைப்பு, இல்லையென்றால் வாட்டர் பம்ப். ஆறிய இன்ஜினை மூடி இல்லாமல் ஸ்டார்ட் செய்தவுடன் குமிழ் குமிழாக விடாமல் வந்தால், இன்ஜின் தலைக்கும் உடலுக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் தகடு மேல்தான் சந்தேகம். அப்போது புது ரேடியேட்டர் போட்டாலும் காசுதான் கரியாகும்.

மஞ்சள் பொடி, கடையில் விற்கும் ஸ்டாப்-லீக் எல்லாம் ஒரே ஜாதி. ஊசித் துளையளவு ஓட்டையில் போய் அடைத்துக்கொள்ளும், சரி. ஆனால் எது ஓட்டை, எது தண்ணீர் போகிற குழாய் என்று பொடிக்கு எப்படித் தெரியும்? ராத்திரி நடுக்காட்டில் மாட்டிக்கொண்டால் போடுங்கள், வீடு வந்ததும் கழுவி விடுங்கள். விரிந்த மூட்டுக்கும் கிழிந்த ஹோஸுக்கும் அது உதவவே உதவாது.

ஈயப் பற்று பித்தளை, செம்பு ரேடியேட்டருக்கு மட்டும். அதில் எனக்குப் பிடித்த விஷயம் ஓட்டை அடைவதுகூட இல்லை, கடைக்காரர் டேங்கைப் பிரித்து ஒவ்வொரு குழாயிலும் கம்பி விட்டுக் குத்தி, போர் தண்ணீர் ஊற்றி ஊற்றிச் சேர்ந்த உப்பையெல்லாம் எடுத்து, பிறகு தொட்டியில் முக்கிக் காற்றடித்து எங்கே குமிழ் வருகிறது என்று கண் முன்னால் காட்டுவார். அலுமினியத்தில் பிளாஸ்டிக் டேங்க் வைத்ததாக இருந்தால் இந்தப் பேச்சே கிடையாது. பிளாஸ்டிக் வயதாகி வெடித்தபின் எம்-சீல் பூசினாலும் சூடும் குளிரும் மாறி மாறிப் பட்டுத் திரும்பப் பிளக்கும். அதற்குப் புதுசுதான். வாங்கும்போது பழையதைப் பக்கத்தில் வைத்துத் தடிமனைப் பாருங்கள், மலிவானது பார்க்கவே ஒல்லியாக இருக்கும்.

அப்புறம், "வால்வைக் கழற்றிடலாம் சார், நம்ம வெயிலுக்கு எதுக்கு" என்பார்கள், தெர்மோஸ்டாட்டைத்தான். விடாதீர்கள். அது 82 டிகிரி வாக்கில் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடுகிற சாமான், திறக்காமல் மாட்டிக்கொண்டால் புதுசு போடுங்கள். இல்லாமல் ஓட்டினால் இன்ஜின் சரியான சூட்டுக்கே வராமல் பெட்ரோலைக் குடிக்கும்.

என்னுடையது பித்தளை. குமிழ் வரவில்லை, ஃபேன் ஓடியது, ஏற்றத்தில்தான் சூடு. அதனால் ஈயப் பற்று என்று முடிவு செய்தேன். கடைக்காரர் டேங்கைப் பிரித்ததும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்: பாதிக் குழாய்களின் வாயில் உப்போடு சேர்ந்து சேறு மாதிரி மஞ்சள். நான் போட்டதில்லை. எனக்கு முன்னால் வண்டி வைத்திருந்தவர் எப்போதோ ஒரு நாள் வீடு போய்ச் சேர்ந்திருக்கிறார்.