சாங்கியிலிருந்து புலாவ் உபின்: படகுச் சேவை எப்படி?

கார் இல்லாமல் அரைநாள் தீவு நடைக்குத் திட்டமிடும் சிங்கப்பூர்வாசிகளுக்கு இந்தப் படகுச் சேவையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். தானா மேரா ரயில் நிலையத்திலிருந்து 2ஆம் எண் பேருந்தில் சாங்கி வில்லேஜ் சென்று, அருகிலுள்ள படகுத்துறையில் வரிசையில் நின்றால் போதும். முன்பதிவும் இல்லை, கால அட்டவணையும் இல்லை. 12 பேர் சேர்ந்ததும் படகு புறப்படும் என்பதால், வார நாள்களில் காத்திருப்பு நீளக்கூடும். பொறுமையற்றவர்கள் காலி இடங்களுக்கும் சேர்த்துக் கட்டணம் செலுத்தி உடனே கிளம்பலாம். ஆளுக்கு 4 வெள்ளி. இயந்திர இரைச்சல் அதிகம்தான், ஆனால் ஏறத்தாழ பத்து நிமிடங்களில் கரை வந்துவிடுகிறது. இறங்குதுறையிலிருந்து செக் ஜாவா சதுப்புநிலத்துக்குச் சுமார் 3 கிலோமீட்டர் நடக்க வேண்டும். கடல் வற்றியிருக்கும்போதுதான் அங்குள்ள பலகைப்பாதையிலிருந்து நண்டுகளையும் சேற்றுநில உயிர்களையும் நன்றாகக் காண முடியும் என்பதால், ஓத அட்டவணையைப் பார்த்த பிறகே படகேறும் நேரத்தை முடிவுசெய்ய வேண்டும். இருட்டிய பிறகு படகு கிடைக்குமென்று நம்பியிருப்பது உசிதமல்ல.