குன்னூர் சீன உணவகம்: நூடுல்ஸுக்காகப் போனேன், சென் வீட்டுக் கதையும் கிடைத்தது

குன்னூர் பெட்ஃபோர்டிலிருந்து சிம்ஸ் பூங்காவுக்குப் போகிற வழியில் இருக்கும் இந்தச் சின்னச் சீன உணவகத்தை யார் கேட்டாலும் தாராளமாகப் போகச் சொல்வேன். மேட்டுப்பாளையத்தில் மலைக்காய் வியாபாரம் செய்கிறவன் நான். எந்த ஹோட்டலில் உட்கார்ந்தாலும் தட்டில் இருக்கும் காயைத்தான் முதலில் பார்ப்பேன். இங்கே கேரட்டைச் சாய்வாக, கொஞ்சம் கனமாக நறுக்குகிறார்கள். கடித்தால் நறுக்கென்று இருக்கிறது. பீன்ஸ் பச்சை மாறுவதில்லை. சைனீஸ் கோஸில் தண்டு முதலில் சட்டிக்குப் போகிறது, இலை இறக்கும்போதுதான் விழுகிறது. சிவப்புச் சாஸை ஊற்றிக் குறையை மறைக்கிற வேலையே கிடையாது. நூடுல்ஸில் இஞ்சியும் மிளகும் தனித்தனியாகத் தெரிகின்றன. வான்டன் சூப் தெளிவாக, கொதிக்கக் கொதிக்க வரும். மழை நாளில் அதற்கு ஈடு இல்லை. மஞ்சூரியன் சுமார்தான். அதை வேறெங்கும் சாப்பிட்டுக்கொள்ளலாம்.

கல்லாவுக்கு மேலே ஒரு கறுப்பு மரப்பலகை மாட்டியிருக்கிறது. அதில் மூன்று தங்க எழுத்துகள், வலமிருந்து இடமாக. நடு எழுத்தில் பூச்சு உதிர்ந்து மரம் தெரிகிறது. கல்லாவில் இருக்கும் அக்கா குன்னூரிலேயே பிறந்து வளர்ந்தவர். "ஏனுங்க அக்கா, இது கடைப் பேருங்களா?" என்று கேட்டேன்.

"கடைப் பேரு இல்லைங்க தம்பி. யிங்சுவான் வீடுன்னு எழுதியிருக்கு. நாங்க சென் குடும்பம். சென் வீட்டுக்காரங்க எந்தத் தேசத்துல இருந்தாலும் வாசல்ல இதைத்தான் எழுதுவாங்க."

கூட்டம் இல்லாத நேரம் என்பதால் அக்கா நிதானமாகச் சொன்னார். சென் என்பது முதலில் ஒரு நாட்டின் பெயர். கி.மு. 1046 வாக்கில் ஷாங் அரசை வீழ்த்திய சோவ் மன்னர் ஊ, ஷுன் என்ற ஆதி அரசருக்குச் செய்யும் பூசை நின்றுவிடக் கூடாது என்று அவர் வழிவந்த குய் மான் என்பவரைத் தேடிப்பிடித்தாராம். தன் மூத்த மகளைக் கட்டிக்கொடுத்து, சென் நாட்டையும் கொடுத்தார் என்கின்றன பழைய சீன வரலாறுகள். இன்றைய ஹெனான் மாகாணத்தில் இருக்கும் ஹுவாய்யாங்தான் அதன் தலைநகரம். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் தெற்கேயிருந்த சூ நாடு அதை விழுங்கிவிட்டது. நாடு போனாலும் சனங்கள் அதன் பெயரை விடவில்லை, குடும்பப் பெயராக வைத்துக்கொண்டார்கள்.

அதற்கும் முன்பே, கி.மு. 672-இல், அரண்மனைச் சண்டைக்குப் பயந்து சென் வான் என்ற இளவரசர் சீ நாட்டுக்கு ஓடிப்போனார். அவர் வம்சம் அங்கே தியென் என்று பெயர் மாறி, கி.மு. 386-இல் சீ நாட்டு அரியணையையே பிடித்தது. அப்படியானால் தியென் வீடும் சென் வீடும் பங்காளிகள்! எங்கள் கொங்குப் பக்கம் பெண் பேசப் போனால் முதலில் என்ன கூட்டம் (அதாவது குலம்), எந்தக் கோயில் என்றுதான் கேட்பார்கள். ஒரே கூட்டம் என்றால் பேச்சு அங்கேயே முடிந்தது. சீனாவில் இதைச் சட்டமாகவே எழுதி வைத்திருந்தார்கள். ஏழாம் நூற்றாண்டு டாங் அரசில், ஒரே குலப்பெயர்க்காரர்கள் கல்யாணம் செய்தால் இரண்டு பேருக்கும் 2 ஆண்டு தண்டனை வேலை.

யிங்சுவான் கதைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. இரண்டாம் நூற்றாண்டில் அந்தச் சீமையில் சென் ஷி என்றொரு அதிகாரி இருந்தார். பஞ்ச காலம். ஒரு ராத்திரி திருடன் ஒருவன் வீட்டுக்குள் புகுந்து விட்டத்தில் ஏறி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டார். சத்தம் போடவில்லை. எழுந்து துணியைச் சரிசெய்துகொண்டு, பிள்ளைகளையும் பேரன்களையும் எழுப்பி உட்கார வைத்தார். "கெட்டவங்க யாரும் பிறக்கும்போதே கெட்டவங்க இல்லை, பழக்கம்தான் அப்படி ஆக்குது. மேலே உட்கார்ந்திருக்காரே, அந்தப் பெரிய மனுசர் மாதிரி" என்றாராம். திருடன் பதறி இறங்கிக் காலில் விழுந்தான். அவனுக்கு இரண்டு சுருள் பட்டுத்துணி கொடுத்து அனுப்பினார். அந்த மனிதரின் ஊர்ப்பெயரைத்தான் சென் குடும்பங்கள் இன்றைக்கும் வீட்டுப் பலகையில் எழுதிக்கொள்கின்றன. அக்கா இதைச் சொல்லும்போது அடுத்த மேசைக் குழந்தைகள் சாப்பாட்டை மறந்து கேட்டார்கள்.

அக்காவின் தாத்தா கல்கத்தா வழியாக வந்த, ஹக்கா என்ற பிரிவைச் சேர்ந்த சீனர். 1962 இந்திய-சீனப் போருக்குப் பிறகு சீன வம்சாவளியினர் சுமார் 3,000 பேரை ராஜஸ்தான் தேவ்லி முகாமில் அடைத்து வைத்த சேதி வந்ததும், பாட்டி பலகையை இறக்கிப் பரணில் சாக்குக்கு அடியில் வைத்துவிட்டாராம். வருடக்கணக்கில் அங்கேயே கிடந்து, அக்காவின் அப்பா காலத்தில்தான் சுவருக்குத் திரும்பியது. நடு எழுத்து அப்போது தேய்ந்ததுதான். புதிதாகத் தங்கம் பூச வேண்டாம் என்று வீட்டில் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது.

நீலகிரிக்குச் சீனர்கள் வந்தது இந்தக் குடும்பத்துக்கும் ரொம்ப முந்தைய கதை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலேயா பக்கத்து ஆங்கிலேயக் குடியேற்றங்களிலிருந்து கைதிகளாக அனுப்பப்பட்ட சீனர்கள் சிலர், விடுதலைக்குப் பிறகு நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் இடையில் குடியேறி, தமிழ்ப் பெண்களைக் கட்டி, காய்கறியும் காபியும் பயிரிட்டுப் பிழைத்ததைச் சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் பதிவு செய்திருக்கிறார். மலேரியா மருந்துக்காக வளர்த்த நடுவட்டத்துச் சிங்கோனா மரத் தோட்டங்களை எல்லோருக்கும் தெரியும். இந்த மலையில் காய் விளைவித்தவர்களில் இவர்களும் உண்டு என்பதை மண்டியில் இருக்கும் எங்கள் ஆட்களே அறிந்திருக்க வேண்டும்.

சிங்கப்பூரிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு செய்தி: அங்கே டான் என்று எழுதுகிற குடும்பங்களும், ஹாங்காங்கில் சான் என்கிறவர்களும் இதே சென் வீட்டார்தான். அக்காவிடம் சொன்னால் உங்களை லேசில் விடமாட்டார்.

அடுப்பில் ஒரே ஒருவர்தான் நிற்கிறார், அதனால் சாப்பாடு வரத் தாமதமாகும், பசியோடு போகாதீர்கள். மே மாதம் பழக்கண்காட்சி சமயத்தில் இடமும் கிடைக்காது, வண்டி நிறுத்தவும் முடியாது. பகல் பன்னிரண்டு மணிக்கு முன்னால் போனால் அக்காவுக்குப் பேச நேரம் இருக்கும். சைவக்காரர்கள் சூப் சொல்லும்போதே சொல்லிவிடுங்கள், வழக்கமாகப் போடுவது கோழி எலும்புச் சாறு.