42 கிராம் ஈஸ்ற் கட்டி

அரை யூரோகூடப் பெறாத சாமானுக்கு விமர்சனமா என்று இவர் சிரிக்கிறார். சிரிக்கட்டும். உயிர்த்த ஞாயிறு நெருங்குகிறது. இங்கே ஜேர்மனியில் பின்னல் பாண் சுடும் காலம். ஹேஃபட்சொப்ஃப் என்பார்கள்: ஹேஃப என்றால் ஈஸ்ற், ட்சொப்ஃப் என்றால் பின்னல். பெயரிலேயே ஈஸ்ற் இருக்கிற பாணுக்கு ஈஸ்றைப் பற்றிப் பேசாமல் வேறு எதைப் பேசுவது?

மகள் கிண்டர்கார்டனில் தின்றுவிட்டு வந்து கேட்டதால்தான் இதைத் தொடங்கினேன். முதலில் வாங்கியது ஆயத்த மாக்கலவை. எந்தக் கொம்பனி என்று சொல்லவில்லை. பெட்டியில் பொன்னிறப் பின்னல் படம். பின்பக்கம் பார்த்தால் பாலும் பட்டரும் முட்டையும் நாங்களே போட வேண்டுமாம். அப்போ நான் காசு கொடுத்தது எதற்கு? கோதுமை மாவுக்கும் சீனிக்கும் கொஞ்சம் வனிலா வாசத்துக்கும். சுட்டு எடுத்தது பாணுமில்லை, கேக்குமில்லை.

கீழ்வீட்டு மூதாட்டிதான் வழி காட்டினார். பிள்ளைகள் அவரை ஓமா என்று கூப்பிடுவார்கள். ஜேர்மன் மொழியில் அது பாட்டி. எனக்கு மட்டும் யாரோ "ஓமா?" என்று சந்தேகம் கேட்பதுபோலவே இருக்கும். சுப்பர்மார்க்கெற்றில் பட்டர் வைக்கிற குளிர்பெட்டியில், மூலையில் கிடக்கும் இந்தக் குட்டிக் கட்டியை எடுத்துக் காட்டி, "இதை வாங்கு, மிச்சத்தை விடு" என்றார்.

பொருள் எப்படி? நல்ல கட்டி வெளிர்நிறமாக, ஈரமாக இருக்கும். உடைத்தால் கட்டி கட்டியாக உதிரும். ஊரில் விடியற்காலையில் பாண் போறணைப் பக்கம் போனால் வரும் அந்த இலேசான புளிப்பு வாசம் வரும். ஓரம் பழுப்பேறி, காய்ந்து வெடித்திருந்தால் பழசு. தட்டின் முன்னுக்கு இருப்பதை எடுக்காதீர்கள். பின்னுக்குக் கையை விட்டுத் திகதி பார்த்து எடுங்கள்.

என் முதல் கட்டியை நானே கொன்றேன். தேத்தண்ணிக்குக் காய்ச்சுகிற மாதிரிப் பாலைக் காய்ச்சி ஊற்றிவிட்டேன். 45 பாகையைத் தாண்டினால் ஈஸ்றுக்கு ஆபத்து. இரண்டு மணித்தியாலம் கழித்துப் பார்த்தால் மா களிமண்போல அப்படியே இருந்தது. இப்போது விரலை விட்டுப் பார்ப்பேன். சூடும் தெரியக்கூடாது, குளிரும் தெரியக்கூடாது.

அளவில்தான் எனக்கும் ஓமாவுக்கும் வழக்கு. அவர் 500 கிராம் மாவுக்கு முழுக் கட்டி போடுவார், ஒரு மணித்தியாலத்தில் வேலை முடியும். நான் பாதிதான், 21 கிராம். கூடுதல் நேரம் பிடிக்கும், ஆனால் ஈஸ்ற் நெடி இல்லை, மறுநாளும் பாண் மெதுவாக இருக்கும். 250 மில்லிலீற்றர் பால், 80 கிராம் சீனி, ஒரு முட்டை, எலுமிச்சைத் தோல் துருவல், ஒரு பிடி முந்திரிகை வற்றல். 80 கிராம் பட்டரைக் கடைசியில்தான் பிசைந்து சேர்க்க வேண்டும். சீனியும் கொழுப்பும் ஈஸ்றை மந்தமாக்கும், அதனால் அவசரப்படக்கூடாது. இங்கே கோதுமை மாப் பையில் மாவின் வகையைக் காட்டும் இலக்கம் இருக்கும்; 405ஐவிட 550 நல்லது, பின்னல் குலையாமல் நிற்கும். பொங்க வைப்பதற்கு நான் வேறெங்கும் போகவில்லை. தோசை மா புளிக்க வைக்கிற இடம்தான்: அடுப்பை மூட்டாமல், உள்விளக்கை மட்டும் போட்டு உள்ளே வைப்பது. அன்றைக்குத் தோசை மாவுக்கு இடமில்லை.

பின்னி, மறுபடி அரை மணித்தியாலம் விட்டு, மஞ்சட்கரு பூசி, மேலே கட்டிச்சீனி தூவி, 180 பாகையில் 30 முதல் 35 நிமிடம். எங்கள் கிம்புலா பணிசின் மேல் சீனி கடிபடுமே, அதே சத்தம். வட்டமாக வளைத்து நடுவில் சாயமிட்ட முட்டையை வைத்தால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்.

குறை இல்லாமலில்லை. ஆயுள் குறைவு, குளிர்பெட்டியை விட்டு வெளியே வைக்க முடியாது. பெரிய வெள்ளி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் கடை பூட்டு. வியாழனுக்குள் வாங்காவிட்டால் சனிக்கிழமை நெரிசலில் மாட்ட வேண்டும். 2020 இளவேனிலில் கொரோனாப் பதற்றத்தில் ஈஸ்ற் தட்டே வெறுமையாகக் கிடந்தது. அன்றிலிருந்து 7 கிராம் உலர் ஈஸ்ற் பக்கற் இரண்டு அலுமாரியில் வைத்திருக்கிறேன். இரண்டும் சேர்ந்தால் ஒரு கட்டிக்குச் சமம். வேலை செய்யும், வாசம்தான் வராது.

ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அரைப் புள்ளி அந்தத் திகதிக்காகக் கழித்தது. மிஞ்சுகிற பாதிக் கட்டி வீண்போவதில்லை. ஞாயிறு இரவே அரிசி மாவில் கரைத்துவிடுவேன், திங்கள் காலை தேங்காய்ப்பால் விட்டு அப்பம். போன முறை மகள் மிச்சமிருந்த கட்டிச்சீனியை அதன்மேல் கொட்டினாள். அப்பத்தில் அது ஒட்டவே இல்லை.