பூட்டுப் போட்ட வளையமும் பெயர் தெரியாத சிறுவனும்

தருமபுரி அரசு அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போயிருந்தோம். நடுகற்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கூட வந்த நண்பர், வரலாற்று ஆசிரியர், எலிகு யேல் என்பவரின் பழைய ஓவியம் ஒன்றைப் பற்றிப் பேச்செடுத்தார். யேல் 1687 முதல் 1692 வரை சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநர். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் இவர் பெயரில்தான் இருக்கிறது.

1719 வாக்கில் வரைந்த அந்தப் படத்தில் யேலும் உறவினர்களும் மேசையைச் சுற்றி மதுக் கோப்பைகளோடு இருக்கிறார்கள். பின்னால் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். ஓரமாக ஒரு கறுப்பினச் சிறுவன் நிற்கிறான். உடுப்பு நல்ல உடுப்புதான். ஆனால் கழுத்தில் வெள்ளி வளையம், அதில் ஒரு பூட்டு. செல்போனில் பெரிதாக்கிப் பார்த்த பிள்ளை ஒன்று, "சாவி யார்கிட்ட சார் இருந்திருக்கும்?" என்று கேட்டது.

"இறக்கிட வேண்டியதுதானே சார். அடிமை வச்சிருந்தவனுக்கு எதுக்குச் சுவர்?" என்றார் நண்பர். 2020-இல் அந்தப் பல்கலைக்கழகத்தின் பிரிட்டிஷ் கலை மையம் படத்தை இறக்கத்தான் செய்தது. அவர் கோபம் எனக்குப் புரிகிறது. தன் முன்னோர் பட்ட பாட்டை அலங்காரச் சட்டத்துக்குள் பார்க்க யாருக்கு மனசு வரும்? ஆனால் யேலை இறக்கினால் சிறுவனும் சேர்ந்து இருட்டறைக்குப் போகிறான்.

நியூ ஆர்லியன்சில் 1837 வாக்கில் வரைந்த ஒரு படத்தை இதோடு வைத்துப் பாருங்கள். ஒரு பணக்கார வீட்டுப் பிள்ளைகள் மூவரோடு, அந்த வீட்டு அடிமையான பெலிசேர் என்ற பையனும் அதில் இருந்தான். பிற்பாடு யாரோ அவன்மேல் மட்டும் வண்ணம் பூசி மறைத்துவிட்டார்கள். அந்த ஊர் அருங்காட்சியகம் படத்தைப் பல ஆண்டு கிடங்கில் வைத்திருந்து 2005-இல் விற்றது. அப்புறம் பூச்சைச் சுரண்டி அவனை மீட்டார்கள், பழைய ஆவணங்களைத் துழாவிப் பெயரையும் கண்டுபிடித்தார்கள். 2023-இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் வாங்கியது. கிடங்கில் கிடந்தவரை அவனை யாரும் தேடவில்லை.

படத்தை அப்படியே விட்டுப் பக்கத்தில் விளக்கப் பலகை வைப்பது இன்னொரு வழி. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகம் 2021-இல் அடிமை வரலாற்றுக் கண்காட்சி நடத்தியபோது, நிரந்தரக் கூடங்களிலும் 77 பலகைகளைச் சேர்த்தது. ரெம்பிராண்ட் 1634-இல் வரைந்த மார்ட்டன், ஊப்யன் தம்பதியின் பட்டும் சரிகையும் பிரேசில் அடிமைகள் விளைவித்த சர்க்கரையில் வந்த பணம் என்று அங்கே சொன்னார்கள். பலகையை எத்தனை பேர் நின்று படிக்கிறார்கள் என்பதுதான் இதில் கஷ்டம். நம் பிள்ளைகளே பாதிப் பலகைகளைத் தாண்டி ஓடுகிறார்கள்.

ஆனாலும் என் ஓட்டு இதற்குத்தான். அதே ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் 1689-ஆம் ஆண்டுப் பித்தளை வளையம் ஒன்று இருக்கிறது. நெடுங்காலமாக நாய்க் கழுத்துப்பட்டை என்றே பதிவேட்டில் இருந்தது. அந்தக் கால ஓவியங்களில் கறுப்பினப் பையன்களின் கழுத்தில் அதே மாதிரி வளையங்கள் இருப்பதைக் கவனித்த பிறகுதான், அது மனிதர் கழுத்தில் கிடந்திருக்கலாம் என்று மாற்றிச் சொன்னார்கள். ஓவியங்கள் கண்ணில் படாமல் போயிருந்தால் அது நாய்ப்பட்டையாகவே இருந்திருக்கும்.

மூன்றாவது வழி, படத்துக்குப் படத்தால் பதில் சொல்வது. அமெரிக்க ஓவியர் டைட்டஸ் கஃபார் யேல் படத்தை மறுபடி வரைந்து, மற்றவர்களைக் கசக்கிச் சுருட்டிவிட்டு, சிறுவன் முகத்துக்கு மட்டும் பொன் சட்டம் போட்டார். கழுத்தில் வளையம் இல்லை, நேராக நம்மைப் பார்க்கிறான். பழைய படத்தை இறக்கிய இடத்தில் கொஞ்ச காலம் இதைத்தான் மாட்டியிருந்தார்கள். பார்த்த மாத்திரத்தில் நெஞ்சைப் பிடிக்கும். ஆனால் வளையம் இருந்ததைத் தெரிந்துகொள்ளப் பழைய படமும் வேண்டும். மையம் அதைப் பற்றி ஆராய்ந்து, அடுத்த ஆண்டே புது விளக்கத்தோடு திரும்ப மாட்டியது. சிறுவன் பெயர் மட்டும் கிடைக்கவில்லை.

நம் பக்கத்துச் செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில் ஏழாம் நூற்றாண்டு நடுகல் ஒன்று உண்டு. வீரனோடு நின்ற நாயின் பெயரும் அதில் வெட்டியிருக்கிறது: கோவிவன். இதைச் சொன்னதும் நண்பர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

அடுத்த வாரம் படத்தை அச்செடுத்து வகுப்பில் மாட்டப் போகிறோம். யேல் முகத்தைத் தாள் ஒட்டி மறைக்க வேண்டும் என்று அவர் இன்னும் சொல்கிறார். நான் முழுசாக மாட்டி, சிறுவனுக்குக் கீழே 'பெயர்:' என்று எழுதி இடம் விட்டு வைக்கப் போகிறேன்.