ஹீலியோஸ் 44-2: சில்வர் ஓக் நிழலில் ஜோர், சேலம் வெயிலில் திண்டாட்டம்

சோவியத் காலத்தில் மாஸ்கோவை அடுத்த கிராஸ்னகோர்ஸ்க் ஆலையிலும் வேறு சில ஆலைகளிலும் செனித் கேமராக்களுக்காகத் தயாரான லென்ஸ் இது. 58 மி.மீ., எஃப்/2. கார்ல் சைஸ் யெனாவின் பயோட்டார் வடிவமைப்பைத் தழுவியது. நான்கு குழுக்களில் ஆறு கண்ணாடிகள், ஒளி நுழையும் துளையான அப்பர்ச்சருக்கு எட்டு இதழ்கள், 49 மி.மீ. ஃபில்டர் திருகு, அரை மீட்டர் வரை ஃபோகஸ். இணையத்தில் தேடினால் பின்னணி சுழலும் படங்களாகவே வந்து கொட்டும். அதை நம்பி வாங்கி, மொட்டை மாடியில் நாலு படம் எடுத்துவிட்டு, 'சுழலவே இல்லையே' என்று அடுத்த வாரமே விற்கிறவர்கள் ஏராளம். குறை லென்ஸில் இல்லை, மொட்டை மாடியில் இருக்கிறது.

சுழல் எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டால் எங்கே நிற்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். சாய்வாக வரும் கதிர்களை லென்ஸின் குழல் ஓரளவு வெட்டிவிடுகிறது. அதனால் படத்தின் நடுவில் வட்டமாக விழும் ஒளிப்புள்ளி, ஓரத்துக்குப் போகப் போகப் பூனைக்கண்போல் நசுங்குகிறது. நசுங்கிய புள்ளிகள் மையத்தைச் சுற்றி வரிசை கட்டினால்தான் சுழல். ஆகவே பின்னணியில் சின்னச் சின்ன ஒளிப்புள்ளிகள் நிறைய வேண்டும், அவை ஃபிரேமின் நான்கு மூலை வரை பரவியிருக்க வேண்டும், அப்பர்ச்சர் முழுக்கத் திறந்து எஃப்/2 இலேயே இருக்க வேண்டும். 2.8க்கு மூடினாலே பாதி போய்விடும். 4இல் சாதாரண லென்ஸ்தான்.

ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்கள் இதற்கென்றே நட்டு வைத்ததுபோல் இருக்கும். மேலே சில்வர் ஓக், அதில் ஏறிய மிளகுக் கொடி, இலை இடுக்கெல்லாம் வானத்துப் பொட்டுகள். ஆளை ஒன்றரை மீட்டரில் நிறுத்துங்கள். அவருக்குப் பின்னால் மரங்கள் ஐந்து முதல் பத்து மீட்டர் தள்ளி இருக்கட்டும். கேமராவைக் கொஞ்சம் தாழ்த்தினால் இலை இடுக்குகள் மேல் மூலைகளுக்கும் வந்துவிடும். இதே லென்ஸை லேடீஸ் சீட்டில் வைத்து, கீழே புகைமூட்டமாகத் தெரியும் சேலத்தைப் பின்னணியாக்கினால் ஒரு சுழலும் வராது. ஏரிக்கரைப் பூங்காவின் புல்வெளியும் அப்படித்தான். (எஸ்டேட்டுகள் தனியார் நிலம். கேட்டருகே ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நுழைவது நல்லது.)

இந்த வித்தை முழு ஃபிரேம் சென்சாருக்கு மட்டும்தான். அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சார் ஓரங்களை நறுக்கிவிடுவதால் சுழலும் போய்விடும். மிஞ்சுவது ஏறக்குறைய 87 மி.மீ. பார்வைக் கோணமுள்ள போர்ட்ரெய்ட் லென்ஸ். அதுவும் மோசமில்லை. சுழல்தான் வேண்டும் என்றால் காட்சியைச் சுருக்கிச் சென்சாரில் விழவைக்கும் 0.71 மடங்கு ஃபோகல் ரெட்யூசர் போட்டால் லென்ஸ் 41 மி.மீ., எஃப்/1.4 ஆகி ஓரங்கள் திரும்ப வரும்.

இனி இந்தப் பழைய லென்ஸை இன்றைய கேமராவில் மாட்டும் வளையமான அடாப்டர். லென்ஸைத் தேடித் தேடி வாங்குகிறவர்கள், கையில் கிடைத்த அடாப்டரைப் போட்டுவிட்டு லென்ஸைத் திட்டுவதுதான் வழக்கமாக நடக்கிறது. இந்த லென்ஸ் கேமராவில் மாட்டும் எம்42 திருகின் விட்டம் 42 மி.மீ., புரிக்குப் புரி 1 மி.மீ. லென்ஸ் உட்காரும் இடத்திலிருந்து ஃபிலிம் வரை 45.46 மி.மீ. இருக்க வேண்டும். சோனி இ மவுண்டில் அந்தத் தூரம் 18 மி.மீ. என்பதால் அடாப்டரின் தடிமன் 27.46 மி.மீ. நிக்கான் இசட்டுக்கு 29.46, கேனன் ஆர்எஃப்புக்கு 25.46. தடிமன் இம்மி கூடினாலும் தூரத்துக் காட்சி ஃபோகஸ் ஆகாது. அந்தப் பயத்தில் மலிவு அடாப்டர்களை வேண்டுமென்றே கொஞ்சம் மெலிதாகவே கடைகிறார்கள். விளைவு, இன்ஃபினிட்டி (எல்லையற்ற தூரம்) குறிக்கு முன்னாலேயே தூரம் தெளிந்துவிடும், லென்ஸின் மேல் எழுதியுள்ள மீட்டர் கணக்கு எல்லாம் பொய்யாகிவிடும். பகோடா பாயின்ட்டில் நின்று தொலைவிலுள்ள வீடுகளைப் பெரிதாக்கிப் பார்த்தால் உங்கள் அடாப்டர் எந்த ரகம் என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். மெலிதாக இருந்தால் சமாளிக்கலாம். தடித்திருந்தால் திருப்பி அனுப்புவது ஒன்றே வழி.

லென்ஸைத் திருகி முடித்ததும் எண்கள் மேலே வராமல் பக்கவாட்டில் நிற்கிறதா? அடாப்டரின் விளிம்பில் மூன்று பொடித் திருகாணிகள் இருக்கும். அவற்றைத் தளர்த்தி உள்வளையத்தைச் சுழற்றி, குறியை உச்சிக்குக் கொண்டுவந்து இறுக்கிவிடலாம். உள்சுவர் பளபளப்பாக இருந்தால் அதுவே படத்தை வெளிறச் செய்யும். கறுப்பு வெல்வெட் தாளோ மேட் கறுப்புப் பெயின்ட்டோ போதும். சில லென்ஸ்களின் பின்புறம் அப்பர்ச்சரை மூடும் குச்சிபோன்ற ஒரு 'பின்' (pin) இருக்கும். அதை அழுத்தும் விளிம்புள்ள அடாப்டர் 44-2க்குத் தேவையில்லை, இதில் அந்தக் குச்சியே கிடையாது. ஆட்டோ/மேனுவல் சுவிட்ச் இல்லாத 44எம்-4 போன்ற பிற்கால வகைகளுக்கு அது கட்டாயம். இல்லையென்றால் அப்பர்ச்சர் எப்போதும் திறந்தே கிடக்கும்.

நிக்கான் டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்கள் இந்த லென்ஸை மறந்துவிடலாம். அதன் மவுண்ட் தூரமே 46.5 மி.மீ., எம்42ஐவிட அதிகம். நடுவில் திருத்தக் கண்ணாடி வைத்த அடாப்டர்கள் உண்டு. அவை படத்தைக் கெடுப்பதுதான் மிச்சம்.

அப்பர்ச்சருக்கு இரண்டு வளையங்கள் இருப்பது புதியவர்களைக் குழப்பும். முன்னால் இருப்பது 'டிக் டிக்' என்று நின்று நின்று நகரும் ப்ரீசெட். எவ்வளவு வரை மூடலாம் என்ற எல்லையை மட்டும் அது குறிக்கும். அடுத்த வளையம் எஃப்/2க்கும் அந்த எல்லைக்கும் நடுவே வழுக்கிக்கொண்டு ஓடும். மிர்ரர்லெஸ் கேமராவில் ப்ரீசெட்டை 16இல் நிறுத்திவிட்டு அடுத்த வளையத்தை மட்டும் பயன்படுத்துங்கள். சத்தமில்லாமல் நகர்வதால் வீடியோவுக்கும் வசதி.

கேமராவில் முதல் வேலை 'லென்ஸ் இல்லாமல் ஷட்டர்' என்ற வசதியை இயக்குவது. சோனி, ஃபியூஜி, கேனன் மூன்றிலும் அது மெனுவுக்குள் ஒளிந்திருக்கும். பாடியில் ஸ்டெபிலைசர் இருந்தால் ஃபோகல் தூரத்தைக் கையால் கொடுக்க வேண்டும். 58 பட்டியலில் இல்லையென்றால் மிக அருகிலுள்ள எண். ஏபிஎஸ்-சியிலும் 58தான், 87 அல்ல. தப்பான எண் கொடுத்தால் நடுக்கம் குறையாது, கூடும். அப்பர்ச்சர் ப்ரையாரிட்டியில் வெளிச்சக் கணக்கு தானாகவே வரும். ஆனால் லென்ஸ் என்னவென்று கேமராவுக்குத் தெரியாததால் ஆட்டோ ஐஎஸ்ஓ மிக மெதுவான ஷட்டரைத் தேர்ந்துவிடும். குறைந்தபட்சம் 1/125 என்று கட்டிவிடுங்கள்.

தெளிவான விளிம்புகளுக்கு நிறம் பூசிக் காட்டும் ஃபோகஸ் பீக்கிங்கை எஃப்/2இல் நம்பவே கூடாது. 1.2 மீட்டரில் தெளிவாகத் தெரியும் ஆழம், முன்னும் பின்னும் சேர்த்து ஐந்து சென்டிமீட்டர்தான். பீக்கிங் கண், மூக்கு, காது எல்லாவற்றுக்கும் சிவப்புப் பூசிவிடும். படத்தைப் பெரிதாக்கிக் கண்ணிமையைப் பார்த்து வைப்பதுதான் முறை. மூடுபனியில் நிலைமை இன்னும் மோசம், பீக்கிங் ஒன்றுமே காட்டாது. அப்போது ஆளுக்குச் சம தூரத்தில் இருக்கும் மரப்பட்டையைப் பெரிதாக்கி ஃபோகஸ் செய்துவிட்டு, ஆள் பக்கம் திரும்புங்கள்.

காப்பி பூக்கும் பருவத்தில் ஏற்காடு போகிறவர்கள் லென்ஸைக் கேமராவிலிருந்து தள்ளி வைத்து நெருக்கமாக எடுக்க உதவும் எம்42 எக்ஸ்டென்ஷன் ட்யூப் செட் ஒன்றையும் பையில் போட்டுக்கொள்ளலாம். சாதாரணமாக 7, 14, 28 மி.மீ. என்று மூன்று வளையங்கள் வரும். 14ஐ மட்டும் போட்டு லென்ஸை இன்ஃபினிட்டியில் வைத்தால், முழு ஃபிரேமில் சுமார் 15 செ.மீ. அகலமான காட்சி நிறையும். கணுவில் கொத்தாகப் பூத்த ஒரு கிளைக்கு அது அளவெடுத்ததுபோல் இருக்கும். எஃப்/5.6, காற்று நிற்கும் வரை பொறுமை.

சேலத்துக்கு இறங்கியதும் கதை மாறுகிறது. 44-2இன் பூச்சு பழைய காலத்து ஒற்றை அடுக்கு. பக்கவாட்டு வெயில் பட்டால் படம் முழுக்கப் பால் ஊற்றியதுபோல் வெளிறும். மேக்னசைட் சுரங்கத்து வெள்ளை மேடுகளை நண்பகலில் எடுத்துப் பார்த்தால் இதன் பலவீனம் முழுசாக வெளிப்படும். 49 மி.மீ. உலோக ஹூட் ஒன்றைத் திருகாமல் பகலில் வெளியே எடுக்காதீர்கள். ஏற்காடு சாலையில் உள்ள மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு மாதிரி தட்டையான கட்டடங்களை எஃப்/2இல் எடுத்தால் நடுப்பகுதி தெளியும், ஓரங்கள் கரையும். எஃப்/8க்கு மூடினால் சரியாகும். ஆனால் அப்படி எடுப்பதற்கு இந்த லென்ஸ் எதற்கு?

கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாக் கூட்டத்தில் பெரிதாக்கிப் பார்க்கவெல்லாம் நேரமிருக்காது. எஃப்/8, 5 மீட்டர் என்று வைத்துவிட்டால் ஏறக்குறைய 3.7இலிருந்து 7.8 மீட்டர் வரை தெளிவாக விழும். லென்ஸ் மேலுள்ள அளவுகோல் நிஜம் பேசினால்தான் இது பலிக்கும். அடாப்டரைப் பற்றி அவ்வளவு நீட்டியது அதற்காகத்தான்.

தினசரி உபயோகத்துக்கு ஒரே பழைய லென்ஸ் என்றால் எங்கள் ஓட்டு பென்டாக்ஸின் சூப்பர் டக்குமார் 55 மி.மீ. எஃப்/1.8க்கு. அதே எம்42, அதே 49 மி.மீ. திருகு, ஃபோகஸ் வளையம் வெண்ணெய். சுவிட்சை மேனுவலில் வைக்க மறக்காதீர்கள். செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில் பளிச்சிடும் வெள்ளிக் கொலுசை எடுக்கும்போது ஹீலியோஸைவிட நிதானமாக இருக்கும். இந்த வரிசையில் சிலவற்றிலும், 50 மி.மீ. எஃப்/1.4இன் ஏழு கண்ணாடி வகையிலும் தோரியம் கலந்த கண்ணாடி உண்டு. வருடங்கள் போகப் போக அது தேன் நிறத்துக்கு மஞ்சளிக்கும். கேடு பெரிதாக இல்லை, கண்ணாடியை உடைத்துப் பொடியாக்காமல் இருந்தால் போதும். புற ஊதாக் கதிர் பட்டால் மஞ்சள் இறங்கும். அதற்காகச் சேலத்துச் சித்திரை வெயிலில் ஜன்னலோரம் வைத்துவிடாதீர்கள். கிரீஸ் இளகி இதழ்களுக்கு இறங்கும், குவிந்த சூரிய ஒளியில் துணி பற்றிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. புற ஊதா எல்இடி விளக்கில் சில நாள் வைப்பது பாதுகாப்பு.

ஹீலியோஸின் தீராத வியாதி கிரீஸ். பழைய சோவியத் கிரீஸ் இறுகிப்போன லென்ஸ்கள்தான் அதிகம். மார்கழிக் காலையில் ஏற்காட்டில் இன்னும் முறுக்கிக்கொள்ளும். அருகே ஃபோகஸ் செய்யத் திருப்பினால் ஃபோகஸ் நகராமல் லென்ஸே அடாப்டரிலிருந்து கழன்று வரும். கழற்றிச் சுத்தம் செய்வதுதான் தீர்வு. ஃபோகஸ் வளையத்தின் மூன்று சின்னத் திருகாணிகளை எடுத்தபின், உள்ளே இருக்கும் ஹெலிகாய்டு (லென்ஸை முன்பின் நகர்த்தும் திருகுப் புரி) எந்த இடத்தில் பிரிகிறது என்று கட்டாயம் கீறிக் குறிக்க வேண்டும். அதில் பல புரிகள் ஒன்றாக ஓடுகின்றன. தப்பான புரியில் ஏற்றினால் சுழலும், ஆனால் இன்ஃபினிட்டி கிடைக்காது. லைட்டர் பெட்ரோலில் பழையதைக் கழுவி, ஹெலிகாய்டு கிரீஸை மெல்லிசாகத் தடவுங்கள். தையல் மெஷின் எண்ணெயும் வாஸ்லினும் சேலம் சூட்டில் ஓடிவிடும்.

மலையில் ஃபங்கஸ் வீட்டுப் பிள்ளை. ஏற்காட்டில் தங்குகிறவர்கள் தோல் உறையில் லென்ஸை வைக்கவே கூடாது. காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல், ஒரு ஈரமானி, 40 முதல் 50 சதவீதம் ஈரப்பதம், இவ்வளவுதான். காலைக் குளிரில் படமெடுத்துவிட்டு இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கிக் கீழே வந்ததும் பையைத் திறந்தால் சேலத்துக் காற்று கண்ணாடியில் வேர்க்கும். அரை மணி நேரம் ஜிப்பை மூடியே வையுங்கள்.

வாங்கும்போது அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து, பின்பக்கமிருந்து டார்ச் அடித்து முன்பக்கம் பாருங்கள். தூசி பரவாயில்லை. சிலந்தி வலைபோல் கிளைவிட்டிருந்தால் ஃபங்கஸ், பூச்சைத் தின்றிருந்தால் துடைத்தாலும் தடம் போகாது. விளிம்பில் வானவில் நிறம் தெரிந்தால் ஒட்டிய கண்ணாடிகள் பிரிகின்றன என்று அர்த்தம், விட்டுவிடுங்கள். இதழ்களில் எண்ணெய் மினுமினுப்பது 44-2இல் பெரிய குறை இல்லை, கையால் திருப்பித்தானே மூடுகிறோம். டக்குமாரில் இதழ்களை மூடுவது ஸ்பிரிங். அங்கே எண்ணெய் இருந்தால் இதழ்கள் ஒட்டிக்கொண்டு மெதுவாக நகரும், சர்வீஸ் செலவையும் சேர்த்துத்தான் விலை பேச வேண்டும்.