நெகாரா ஸ்டேடியமா, பில்ஹார்மோனிக் மண்டபமா, பிரிக்பீல்ட்ஸா?

கோலாலம்பூரின் மேடை இசை வரலாற்றில் எந்த அரங்கின் தடம் ஆழமானது என்று கேட்டால், பலரும் இருக்கைக் கணக்கையோ மேடையேறிய நட்சத்திரங்களின் பெயரையோ சொல்வார்கள். அந்த அரங்கு எந்த இசைக்காகக் கட்டப்பட்டது, அதற்கான கலைஞர்களையும் ரசிகர்களையும் வளர்த்ததா என்று பார்ப்பதே முறை என்பது என் கருத்து.

1962இல் திறக்கப்பட்ட நெகாரா ஸ்டேடியம், நாட்டின் முதல் உள்ளரங்கு விளையாட்டரங்கம். ஏறத்தாழ 10,000 பேர் அமரக்கூடிய அங்கே தாமஸ் கிண்ணப் பூப்பந்தாட்டமே வீட்டுக்காரர், இசை விருந்தாளிதான். 1998இல் புக்கிட் ஜாலில் உள்ளரங்கம் வந்தபின் பெரிய கச்சேரிகள் அங்கே நகர்ந்துவிட்டன.

அதே 1998 ஆகஸ்டில், இரட்டைக் கோபுரத்தின் அடியில் திறக்கப்பட்ட பெட்ரோனாஸ் பில்ஹார்மோனிக் மண்டபம் நேர் எதிரானது. சுமார் 900 இருக்கைகள் மட்டுமே கொண்ட இது, வியன்னாவின் பழைய இசை மண்டபங்களைப் போல நீண்ட பெட்டி வடிவில், ஒலிபெருக்கியே இல்லாமல் முழு வாத்தியக் குழுவும் கடைசி வரிசைவரை கேட்கும்படி வடிவமைக்கப்பட்டது. கூரைப் பலகைகளை ஏற்றியும் இறக்கியும் ஒலியின் நீட்சியை, அதாவது ஓசை அடங்க எடுக்கும் நேரத்தை, மாற்றலாம். வயலின் கூட்டத்துக்கு அழகூட்டும் அந்த நீட்சி, மிருதங்கத்தின் வேகமான சொற்கட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் குழப்பிவிடக்கூடும். கர்நாடகக் கச்சேரிக்கு ஓசை சட்டென அடங்கும் வறண்ட, சிறிய அரங்கே நல்லது. மேலும், தாமதமாக வருபவர் நிகழ்ச்சியில் பொருத்தமான இடைவெளி வரும்வரை வெளியே நிற்க வேண்டும். தனி ஆவர்த்தனம் (மிருதங்கம் முதலிய தாள வாத்தியங்களின் தனி வாசிப்பு) தொடங்கியதும் காப்பிக்கு எழுந்து போகும் நம்மவர்க்கு இது கடுமையான பள்ளிக்கூடம்.

கோலாலம்பூரின் இந்தியர் வட்டாரமான பிரிக்பீல்ட்ஸில், ஜாலான் பெர்ஹாலா சாலையிலுள்ள டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் வளாகத்து சாந்தானந்த் அரங்கம், ஒலி நுணுக்கத்தில் பில்ஹார்மோனிக்குக்கு ஈடாகாது. ஆனால் சுவாமி சாந்தானந்த சரஸ்வதியின் தூண்டுதலால் 1981இல் தொடங்கிய அந்த அமைப்பு, பரதம், ஒடிசி, வாய்ப்பாட்டு, வீணை என வகுப்புகளை நடத்தி, கற்றவர்களையே மேடையேற்றுகிறது; அவர்களின் பெற்றோரும் உறவினரும் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கப் பழகுகிறார்கள். விரும்பியதைச் சாப்பிட்டு மனம்போல் கொடுக்கலாம் என்ற கொள்கையில் பிறந்த அன்னலட்சுமி உணவகமும் இக்கூட்டத்தைச் சேர்த்து வைத்திருக்கிறது.

கேட்கும் சுகம் மட்டும் போதுமென்றால் பில்ஹார்மோனிக்குக்கே போகலாம். மலேசியத் தமிழரின் கச்சேரி மரபுக்கு அதிகம் செய்தது எது என்றால், என் வாக்கு பிரிக்பீல்ட்ஸுக்குத்தான்.